குரோஷாவில் ஓரம் கோணலாவது ஏன்?

நான் முதன்முதலாகக் குரோஷா ஊசியில் போட்ட மேசை விரிப்பு, 30 தையல்களோடு தொடங்கி, பத்தாம் வரிசைக்கு வருவதற்குள் 21 ஆகச் சுருங்கி, முறத்தைப் போல இரு பக்கமும் சரிந்துவிட்டது. நூலை இறுக்கிப் பிடிப்பதால்தான் இப்படி ஆகிறது என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில், வரிசையின் தொடக்கத்தில் உயரத்துக்காகப் போட்ட மூன்று சங்கிலியை (கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுத்துப் போடும் எளிய தையல்) முதல் தையலாகக் கணக்கில் சேர்த்துவிட்டு, அடுத்த வரிசையின் முடிவில் அந்தச் சங்கிலியின் தலையில் ஊசியை விட மறந்ததால், வரிசைக்கு ஒரு தையல் வீதம் இழந்துகொண்டிருந்தேன். மூன்றாவது சங்கிலியில் ஓர் ஊக்கைக் குத்தி வைக்கத் தொடங்கிய பிறகே கணக்குச் சரியானது.

ஆனால் கணக்குச் சரியானாலும் ஓரம் அழகாகவில்லை. அமெரிக்க முறையில் டபுள் குரோஷே என்றும் பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள் என்றும் சொல்லப்படும் தையலுக்கு மூன்று சங்கிலி உயரத்தை மட்டுமே ஈடுகட்டுகிறது. தடிமனில் அது தையலுக்குப் பாதிகூட வராததால், அதற்கும் அடுத்த தையலுக்கும் நடுவே விரல்நுனி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுகிறது. சுற்றிலும் கரை போட்டால் மறைந்துவிடும் என்பார்கள். என் அனுபவத்தில் கரை அந்த ஓட்டையை எடுத்துக்காட்டத்தான் செய்கிறது.

இப்போது நான் சங்கிலியே போடுவதில்லை. துணியைத் திருப்பியதும், ஊசியில் இருக்கும் கண்ணியைத் தையலின் உயரத்துக்கு இழுத்து, அதன் தலை நழுவாதபடி ஆள்காட்டி விரலால் ஊசியோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, ஊசியை அந்தக் கண்ணிக்கு அடியாகக் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றினால், நூலைச் சுற்றியதற்குப் பதிலாக அந்தக் கண்ணியே ஊசியில் சுற்றிக்கொள்கிறது. பிறகு முதல் தையலிலேயே ஊசியை விட்டு நூலை இழுத்து, வழக்கம்போல இரண்டிரண்டு கண்ணிகளாக முடிக்க வேண்டும். விரலை முன்கூட்டியே எடுத்துவிட்டால் கண்ணி தொளதொளத்து முதல் தையல் பருத்துவிடும். வழுக்கும் பருத்தி நூலில் எனக்கு இது அடிக்கடி நேர்ந்தது.

அத்தகைய நூலுக்கு வேறொரு வழி கைகொடுக்கிறது. முதல் தையலில் ஒரு சிங்கிள் குரோஷே (அமெரிக்க முறைப் பெயர், டபுள் குரோஷேயைவிடக் குட்டையான தையல்) போட்டு, அதன் இடது காலில், அதாவது இடப்பக்கம் நிற்கும் இழையில், ஊசியை விட்டு, அதன்மேலேயே இன்னொரு சிங்கிள் குரோஷே போட்டால், இரண்டும் சேர்ந்து ஒரு டபுள் குரோஷேயின் உயரத்துக்கு வந்துவிடுகின்றன.

இரண்டு வழிகளிலும் அது முழுத் தையலாகவே எண்ணப்படுவதால், "மூன்று சங்கிலி ஒரு தையலாகும்" என்று குறிப்பிடும் எந்த மாதிரியிலும் கணக்கை மாற்றாமல் பயன்படுத்தலாம். வலைப் பின்னலில் மட்டும் நான் இன்னமும் சங்கிலியைத்தான் போடுகிறேன். அத்தனை ஓட்டைகளுக்கு நடுவே ஓரத்து ஓட்டையை யாரும் தேடப்போவதில்லை.