மச்சானின் பத்திரமும் எங்கள் கிணறும்

அமெரிக்காவில் ஒரு சிறிய நகரத்தில் இருக்கும் மச்சான் நேற்றுத் தொலைபேசியில் பெருமையடித்தார். குடிநீர், கழிவுநீர், வீதி மூன்றுக்கும் மாநில அரசே கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டுகிறதாம். பத்திரம் வாங்குவோரின் வட்டிக்குப் பெரும்பாலும் மத்திய வருமான வரி இல்லை. அதனால் குறைந்த வட்டிக்கே பணம் கிடைத்துவிடுகிறது.

நான் வளவைப் பார்த்தேன். இங்கே கிணறு, அங்கே மலசலகூடக் குழி, நடுவில் ஒரு முருங்கை. கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். குழியில் ஊறுவது எங்கே போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு. வழுக்கையாறுகூட மாரிக்கு மட்டும்தான். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை நம்பித் தொடங்கிய குடிநீர்த் திட்டம், அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தபின் (அவர்கள் வயலும் வயல்தானே) கடற்பக்கம் திரும்பியது. 2024 ஆகஸ்டில் தாளையடியில் திறந்த, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடியது. அதுவும் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன்தான். குடிநீருக்காவது கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. கழிவுநீர் என்றால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

குழாய் தாழ்க்கக் கிண்டிய எங்கள் ஒழுங்கையைப் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன்.

"புது வாய்க்காலா?" என்று கேட்கிறார்.