அப்பொழுது அம்மா என்னை நோக்கி

பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறோம் என்றால், தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு குடிதண்ணீர் கேன் வாங்குகிறவர்களைப் பார்ப்பதுபோல்தான் பார்க்கிறார்கள். தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம் இருக்கிற ஊர். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பட்டம் வேறு. ஏன் அனுப்பவில்லை என்பது நீண்ட கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். "பத்தாம் வகுப்புக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறவர்களுக்கு மட்டும்: பதினாலு வயது ஆனால் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதலாம்.

இன்று எழுத வந்தது எங்கள் எழுத்து வகுப்பைப் பற்றி. சர்ச்சில் சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கும் அம்மாக்கள் சிலர், "வேதாகமக் கதையை வைத்தா எழுதச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வராந்தாவில் நின்று சொல்லி முடிகிற விஷயமில்லை.

பெரியவளுக்கு எட்டு வயது. சின்னவனுக்கு ஐந்து. அவன் இன்னும் எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறான். ட, ப, ம, ய என்று கோடு கோடாக வருகிற எழுத்துகளை முதலில் பிடித்துவிட்டான். இ, ஐ, ஞ எல்லாம் இன்னும் தகராறுதான். பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் ஆற்றுமணலைப் பரப்பி, விரலால் எழுதச் சொல்கிறேன். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் படித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. இதைச் சொன்னபோது சின்னவனுக்கு ஒரே சந்தோஷம். "அவருக்கும் ஞ வரலையா?" என்று கேட்டான்.

எழுத்து போடுவது வேறு, எழுதுவது வேறு. இந்த வயதில் வாய் ஓடுகிற வேகத்துக்குக் கை வராது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் பிள்ளை வாயைச் சுருக்கிக்கொள்ளும். கை எழுதக்கூடிய மூன்று வார்த்தையை மட்டும் யோசிக்கும். அதனால் நான் பிரித்துவிடுகிறேன். ஒரு பகுதியை ஒரே தடவை வாசிப்பேன். வேதாகமத்தை மூடிவிடுவேன். அவர்கள் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்வதை அப்படியே, அவர்கள் வார்த்தையிலேயே நான் ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். நடுவில் திருத்த மாட்டேன். அப்புறம் பெரியவள் அதைப் பார்த்து இரட்டைக்கோடு நோட்டில் எழுதுவாள், வேண்டியதைச் சேர்ப்பாள், வெட்டுவாள். சின்னவன் அவன் சொன்னதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து எழுதினால் போதும். எந்த வாக்கியம் என்பது அவன் இஷ்டம்.

ஏன் வேதாகமக் கதை? பக்தி ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் எழுத்துக்கு என்று பார்த்தாலும் இவை வசதியான கதைகள். சர்ச்சின் ஓய்வுநாள் பாடசாலையிலும் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் கேட்டுக் கேட்டுக் கதை ஏற்கெனவே தெரியும். என்ன நடந்தது என்று யோசித்துத் திணற வேண்டாம். அதோடு இந்தக் கதைகளில் ஆட்கள் எழுந்து போகிறார்கள், வருகிறார்கள், கல்லை எடுக்கிறார்கள், கிணற்றில் தண்ணீர் மொள்ளுகிறார்கள். அவர்கள் மனதுக்குள் என்ன ஓடியது என்று பெரும்பாலும் சொல்வதே இல்லை. அந்த இடைவெளிதான் பிள்ளைக்கு எழுத இடம்.

தாவீது கோலியாத் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தில் 1 சாமுவேல் புத்தகம், 17-ஆம் அதிகாரம். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று இருக்கிறது. யார் கை முழம் என்று பெரியவள் கேட்டாள். சரி, அளந்து பார்ப்போம் என்று வகுப்பையே நிறுத்திவிட்டோம். சின்னவன் கையால் சுவரில் அளந்தால் கோலியாத் அவன் அப்பாவைவிட ஒரு ஜாண்தான் உயரம். சின்னவனுக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவுதானா என்று. அப்பா கையால் அளந்ததில் கிட்டத்தட்டப் பத்தடி, கூரையைத் தொடும் உயரம். அன்றைக்கு அவன் தேர்ந்தெடுத்த வாக்கியம்: "கோலியாத் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஃபேன் தலையில் இடிக்கும்." 'ஃ'-க்கு மூன்று புள்ளி என்று கேட்டுக் கேட்டு வைத்தான். நான் சொல்லிக்கொடுத்து அந்த வாக்கியம் வந்திருக்காது.

பெரியவளுக்குச் சண்டையைவிடச் சாப்பாடு பிடித்துவிட்டது. தாவீது போர்க்களத்துக்குப் போனதே அண்ணன்மாருக்குச் சாப்பாடு கொண்டுபோகத்தான். ஒரு மரக்கால் வறுத்த பயறு, பத்து அப்பங்கள், அவர்களுடைய படை அதிபதிக்குப் பத்துப் பால்கட்டிகள். அவள் ஒரு பக்கம் முழுக்க அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பற்றியே எழுதினாள். பால்கட்டி வெயிலில் வாடை வந்திருக்குமா, அண்ணன்மார் நன்றி சொல்லியிருப்பார்களா என்று. கல் பறக்கிற இடம் வந்தபோது பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கம் போகவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கோலியாத்தை வீழ்த்தியது ஊருக்கே தெரியும்.

நான் பிடிவாதமாக இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. எழுத்து வகுப்பில் "இந்தக் கதையில் நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன?" என்று கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அது சரியான கேள்விதான். நானும் பாடம் எடுத்திருக்கிறேன், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு அதைக் கேட்டால் பிள்ளை கதையை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். "நாம் கீழ்ப்படிய வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிடும். நோவாவுக்கும் அதே வரி, ஆபிரகாமுக்கும் அதே வரி, யோனாவுக்கும் அதே வரி. எந்தக் கதைக்கும் பொருந்துகிற வரியை எழுதக் கதை எதற்கு? நான் கேட்பது வேறு: அவன் கையில் என்ன இருந்தது? அப்போது என்ன சத்தம் கேட்டது? பக்கத்தில் யார் நின்றார்கள்?

கடலில் புயல் அடிக்கிற கதை மத்தேயு, மாற்கு, லூக்கா என்ற மூன்று சுவிசேஷங்களிலும் வருகிறது. மூன்றையும் வாசித்துவிட்டு, எதில் மட்டும் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். தலையணை! மாற்கில் மட்டும்தான் இயேசு "தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்." படகில் தலையணை யார் கொண்டுவந்தது என்று அன்று முழுக்க வீட்டில் விவாதம். அதற்குப் பிறகு பெரியவள் கரண்ட் போன ராத்திரியைப் பற்றி எழுதியபோது, "ஆச்சி விசிறினார்கள்" என்று நிறுத்தாமல், "போன வருஷத்துக் காலண்டர் அட்டையால் விசிறினார்கள்" என்று எழுதினாள்.

இனி, பைபிள் தமிழ். எங்கள் வீட்டில் வாசிப்பது பழைய மொழிபெயர்ப்புதான். அதன் நடை பிள்ளைகளின் நோட்டுக்குள் நுழைந்துவிட்டது. பெரியவளின் டைரியில் ஒரு நாள்: "அப்பொழுது அம்மா என்னை நோக்கி: பால் ஆறிப்போகிறது என்றாள். நானோ குடிக்கவில்லை." என் மாமியார் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "ஏட்டி, இது என்ன ஆகமம்?" என்று சிரித்தார். அப்புறம் என்னிடம் தனியாக, "இதை இப்பவே திருத்தணும்" என்றார். அத்தைக்கும் எனக்கும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. பிள்ளை ஒரு நடையைக் காதால் பிடித்துத் தன் பாலுக்குப் பயன்படுத்துகிறது என்றால் அது பாதி எழுத்தாளர் வேலை என்பது என் கட்சி. வேறு கதைகளும் நாளும் வாசிக்கிறாள், நடை தானாகக் கலந்துவிடும். அத்தைக்காக, 1995-ல் வந்த புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே பகுதியை இரண்டிலும் வாசித்து, எதில் எழுதியது தனக்குப் பிடித்தது என்று பெரியவள் தீர்ப்புச் சொல்வாள். தீர்ப்பு நாளுக்கு நாள் மாறும்.

பழைய மொழிபெயர்ப்பில் பேச்சுக்கு முன்னால் முக்காற்புள்ளி இருக்கும், மேற்கோள் குறி இருக்காது. அதையே பாடமாக்கிவிட்டோம். சிறுவன் சாமுவேலை இரவில் கர்த்தர் கூப்பிடுகிற கதையை எழுதி, ஆசாரியன் ஏலி பேசுவதைப் பச்சைப் பென்சிலிலும் சாமுவேல் பேசுவதைச் சிவப்பிலும் மேற்கோள் குறிக்குள் அடைக்கச் சொன்னேன். "இதோ, இருக்கிறேன்" திரும்பத் திரும்ப வருவதால் சின்னவனுக்கும் அது நல்ல பயிற்சி. கடைசி முறை எழுதும்போது பார்க்காமலே எழுதினான். ற, ர குழப்பத்துக்குத் தனியாகச் 'சொல்வதை எழுதுதல்' உண்டு. அது எல்லார் வீட்டிலும் இருப்பதுதான்.

எல்லாக் கதையும் எடுப்பதில்லை. நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோன் கதையைத் தவிர மற்றதை இப்போதைக்குத் தொடவில்லை. யோனாவை மட்டும் முழுசாக, நாலு அதிகாரமும் வாசித்தோம். யோனாவை விழுங்கிய மீனோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆமணக்குச் செடியும் பூச்சியும் வெயிலும் அதற்குப் பிறகுதான். புத்தகமே யோனாவிடம் கர்த்தர் கேட்கிற ஒரு கேள்வியில் முடிகிறது: வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிற நினிவே நகரத்துக்காக நான் பரிதபிக்காமல் இருப்பேனோ என்று. சின்னவன் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான், அவனுக்கு இன்னும் சந்தேகம்தான். பெரியவளுக்குக் கோபம். "யோனா என்ன பதில் சொன்னான்னு போடவே இல்லையே." சரி, நீயே எழுது என்றேன். அவள் யோனா: "எனக்கு இன்னும் வெயில் அடிக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன்."

அடுத்து ரூத், அறுப்பு வயலில் கதிர் பொறுக்கிய பெண்ணின் கதை. கதிர் பொறுக்குவது என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரியாது. பிசான நெல் அறுப்பு தொடங்கியிருக்கிறது, சேரன்மகாதேவிப் பக்கம் என் பெரியப்பா வயலுக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். இப்போது அறுப்பது மெஷின். அதற்குப் பின்னால் போனால் பொறுக்க என்ன மிஞ்சும் என்று பெரியப்பாவிடம் கேட்க வேண்டும்.