தையல் வலது காலில், ரிப்போர்ட் இடது காலில்

மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் பெயரைக் கேட்ட அன்றுகூட நான் இவ்வளவு கத்தவில்லை. எந்தக் கால் என்று நிரூபிக்கப் பதினொரு நாள் அலைந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

வலது குதிகாலில் பழுப்பாக ஒரு கறை. செருப்பு கடித்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதலில் பார்த்த டாக்டர் கால் ஆணி என்றார், பிளாஸ்டர் போட்டு ஐந்து மாதம் வீணாகப் போனது. வலி இல்லை, அதனால் நானும் விட்டுவிட்டேன். மாநிறம், கறுப்பு நிறத்தவர்களுக்கு இந்த நோய் வந்தால் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் அதிகம் வருமாம். பாடகர் பாப் மார்லிக்கும் கால்விரல் நகத்துக்கு அடியில்தான் வந்தது. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால்!

இரண்டாவது டாக்டர் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்ததும் பேச்சைக் குறைத்தார். உள்ளங்காலில் கைரேகை மாதிரியே வரிகள் இருக்கின்றன அல்லவா, நிறம் பள்ளங்களில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம், மேட்டின் மேல் ஓடினால் சந்தேகம். எனக்கு மேட்டில் ஓடியது. மேலாகச் சீவி எடுத்தால் ஆழம் தெரியாமல் போய்விடும் என்று கறையை முழுசாக வெட்டியெடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார். இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ரிப்போர்ட் வந்தது. மெலனோமா, ஆழம் 0.6 மில்லிமீட்டர், இடம்: இடது குதிகால். நானும் கவனிக்கவில்லை, ஆழத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ஜன்தான் கண்டுபிடித்தார். தையல் வலது காலில் இருக்கிறதே சார் என்று காலைத் தூக்கிக் காட்டினேன். "இது உங்க ரிப்போர்ட்தான்னு எப்படி நம்புறது?" என்று கேட்டாரே, அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. வேறு யாரோ ஒருவருடைய ரிப்போர்ட்டா? அப்படியானால் என்னுடையது யாரிடம்?

லேப்பில் கேட்டால் கிளினிக் அனுப்பிய படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். கிளினிக்கில், லேப்பில்தான் தப்பாக டைப் செய்துவிட்டார்கள் என்றார்கள். நாலு நடை. கடைசியில் லேப் மேலாளர் முன்னால் உட்கார்ந்து, திசு வந்த டப்பாவின் லேபிளையும் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். லேபிளில் வலது. என் பெயர், எண் எல்லாம் சரி. திருத்திய ரிப்போர்ட் கையெழுத்தோடு வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அதற்குள் இன்னொன்று. வேறொரு நிபுணரும் பார்க்கட்டும் என்று சர்ஜன் சொல்ல, நான் வெறும் ரிப்போர்ட் நகலோடு போய் நின்றேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். திசு வைத்த கண்ணாடி ஸ்லைடும், திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கும் வேண்டும், லேப்பில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். வெட்டுவதற்கு முன்னால் கறையைக் கால் முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். என்னிடம் அது இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே, கறையில் புண்ணும் இல்லை என்பதால், நோய் பரவியிருக்கிறதா என்று நிணநீர்க் கணுவைச் சோதிக்க வேண்டாம் என்றார்கள். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டு மறுபடி வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். குதிகாலைவிடத் தொடைதான் எரிந்தது, இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை.

ஆபரேஷன் அன்று நாலு பேர் தனித்தனியாக வந்து எந்தக் கால் என்று கேட்டார்கள். நாலு பேரிடமும் சலிக்காமல் வலது என்றேன். கடைசியாக வந்தவர் மார்க்கரை எடுத்து முழங்காலுக்குக் கீழே அம்புக்குறி போட்டார். இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்க என்றேன்.