ஆயாவுக்கு விடுபட்ட 15 எழுத்து

கண்டனூர் வீட்டு வளவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆயா, என் பாட்டி, மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். போன வருடம் இதே நேரம் படுக்கவே முடியாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

காசநோய் என்று சொல்லி ஐந்து மாதம் வைத்தியம் நடந்தது. புகையே பிடிக்காத மனுஷிக்கு நுரையீரல் புற்று வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெங்களூரில் புற்றுநோய் மரபணுத் தரவைப் பார்ப்பதே வேலையாக இருக்கும் எனக்கும் தோன்றவில்லை. அது இன்னமும் உறுத்துகிறது.

மதுரையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். இஜிஎஃப்ஆர் என்கிற மரபணுவில் 15 டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருந்தது. ஆய்வகத்தில் கேட்டு அந்தச் சோதனையின் தரவுக் கோப்பை வாங்கிவந்து மடிக்கணினியில் திறந்தேன். வரிசை வரிசையாகச் சாம்பல் நிறப் பட்டைகள். சில வரிசைகளில் மட்டும், ஒரே இடத்தில், எழுத்து இல்லாமல் ஒரு கருங்கோடு.

"அதுல என்னத்தத் தேடுற?" என்றார்கள் ஆயா.

ஐயாவின் (தாத்தாவின்) பர்மாக் கடைப் பேரேட்டை எடுத்துக் காட்டினேன். கடையில் ஓர் ஏடு, ஊருக்கு வரும் நகல் ஒன்று. இரண்டையும் வரிக்கு வரி ஒப்புப் பார்த்தால் பிசகு தெரிந்துவிடும். ரத்தத்தில் இருப்பது பிறவி ஏடு, கட்டியில் இருப்பது பிழை ஏறிய நகல். 300 கோடி எழுத்தையும் கணினி ஒப்பிட்டு, கட்டியில் மட்டும் மாறியதைப் பிரித்துத் தரும்.

"பிழை ஆயிரம் இருக்கும். எது முதலத் திங்குதுன்னு எப்படித் தெரியும்?"

இந்தத் துறையின் பெரிய கேள்வியே இதுதான். ஒருவர் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பல ஆயிரம் பேர் கட்டிகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், அதன் மேல் சந்தேகம் விழும். அமெரிக்காவில் 2006ல் தொடங்கிய புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 33 வகைப் புற்றுகளுக்கு இப்படிக் கணக்கெடுத்தது. ஜெஃபிடினிப் என்ற நுரையீரல் புற்று மாத்திரை ஏன் சிலருக்கு மட்டும் பிரமாதமாகக் கேட்கிறது என்பதற்கு 2004ல் விடை கிடைத்தது: பலன் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் கட்டியில் இஜிஎஃப்ஆர் பிழை இருந்தது. ஆயா தினமும் காலையில் போடுவது அந்த மாத்திரைதான்.

ஆனால் உலகத் தரவுக் களஞ்சியங்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் ஆட்களிடம் பிறவியிலேயே சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம் அங்கே அபூர்வமாகத் தெரியும். அறிக்கையில் 'பொருள் தெரியவில்லை' என்று வந்து நிற்கும். ஜீனோம் இந்தியா திட்டம் சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் தரவைத் திறந்தபோது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இதுதான். நகரத்தாரின் ஒன்பது கோயிலுக்கும் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பக் கணக்கு, விடாமல் எழுதிவைத்த ஊர்க்காரர்கள் நாம். கணக்கில் நம் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? யாராவது ஒப்புதல் கேட்டு ரத்தம் எடுக்க வந்தால், எதற்கு என்று நன்றாக விசாரியுங்கள், அப்புறம் கொடுங்கள்.

இந்த மாத்திரை எப்போதும் கேட்காது. அதே மரபணுவில் டி790எம் என்ற புதுப் பிழை கிளம்பினால் ஒசிமெர்டினிப் என்ற வேறு மாத்திரைக்கு மாற வேண்டியிருக்கும். கட்டி ரத்தத்தில் உதிர்க்கும் துணுக்குகளிலேயே அதைத் தேடலாம். அடுத்த செவ்வாய் ஆயாவுக்கு ரத்தம் எடுக்கிறோம். அந்தக் கோப்பையும் கேட்டு வாங்கப்போகிறேன்.