காய்ச்சலுக்கு அஞ்சிய புதன்கிழமைகள்

தேவகோட்டைக்கும் கல்லலுக்கும் இடைப்பட்ட ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதை எந்தத் தாய்க்கும் நினைவூட்ட வேண்டியிருந்ததில்லை. காலை பத்து மணிக்குள் வாசல் வேப்பமரத்தடி நிறைந்துவிடும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்த பிறகு அந்த மரத்தடி வெறிச்சோடிப் போனது. தொற்றுக்குப் பயந்து தாய்மார் வரவில்லை என்றுதான் முதலில் நானும் எண்ணினேன். மேலே அனுப்பிய அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். அது பாதி உண்மைதான் என்பது தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனபோது தெரிந்தது.

குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடுகிற பெண்டாவேலன்ட் ஊசி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலையின் ஒரு வகை, ஹிப் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் ஆகியவற்றைத் தடுப்பது. அதைப் போட்ட இரவில் பல குழந்தைகளுக்கு உடம்பு சுடும்; பாராசிட்டமாலில் ஓரிரு நாளில் தணிந்துவிடும். மற்ற ஆண்டுகளில் இதை நான் சிரித்துக்கொண்டே சொல்வேன், அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். 2020இல் காய்ச்சல் என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிட்டது. காய்ச்சல் என்றால் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. முடிவு பாதகமாக வந்தால் ஆம்புலன்சு, தெருவை மறித்துத் தகரம், பிறகு மாதக்கணக்கில் அந்த வீட்டைப் பற்றிய பேச்சு. ஜூன் மாதம் பிறந்த பேரனை மடியில் கிடத்திக்கொண்டு ஓர் அப்பத்தா என்னிடம் கேட்டார்: "ஊசி போட்டாக் காச்சல் வரும்னு நீயே சொல்ற. காச்சல் வந்தாத் தகரம் அடிப்பாகன்னு ஊரே சொல்லுது. நான் எதை ஆத்தா கேக்குறது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்று காலையில்தான் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டிவிட்டு வந்திருந்தேன். ஒட்டிய கையும் ஊசி பிடிக்கும் கையும் ஒன்றாக இருந்ததை அந்த ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பயிற்சிக் கூட்டங்களில் இதைத் 'தடுப்பூசித் தயக்கம்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை என்பது என் எண்ணம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவுகளைக் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஊசி போடக் கூடாது என்று சண்டைக்கு வந்த பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய ஐயம் ஊசியின் மேல். அப்பத்தாவுக்கு ஊசியின் மேல் ஐயமே இல்லை. அவருடைய அச்சம் ஊசிக்குப் பின்னால் யார் வாசலுக்கு வருவார்கள் என்பதைப் பற்றியது.

முடிவெடுப்பவர் யார் என்பதும் இந்தப் பக்கத்தில் எளிதான கேள்வியன்று. குழந்தையின் தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். ஊசி போடலாமா என்பது இரவு கைப்பேசி அழைப்பில் தீர்மானமாகும். வேலை இழந்து அறையில் முடங்கிக் கிடந்த ஒருவர், பிள்ளைக்கு ஒன்று ஆனால் தன்னால் விமானம் ஏறி வரக்கூட முடியாதே என்பதற்காகவே "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்களின் நிலை வேறு. திருமயம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊருக்கு வந்திருந்த ஒரு பெண், மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் கேட்ட அந்த மாதங்களில் புகுந்த வீட்டுக்குத் திரும்ப முடியாமல் இருந்தாள். புகுந்த வீட்டுப் பேரனுக்குத் தங்கள் பொறுப்பில் ஊசி போட்டுப் பழி ஏற்கப் பெற்றவர்களுக்குத் துணிவில்லை. நேரில் பாராமல் சரி என்று சொல்ல மாமியாருக்கு மனமில்லை.

இடத்தை மாற்றிப் பார்த்தோம். சளி மாதிரி எடுக்கிற கட்டடத்துக்குள் பச்சைக் குழந்தையைத் தூக்கி வரத் தயங்கியவர்களுக்காக, பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முகப்புத் திண்ணையைக் காவல்காரர் மூலம் உரிமையாளரிடம் கேட்டு வாங்கினோம். இரு புறமும் நீண்டு கிடந்த அந்தத் திண்ணையில் தூணுக்கு ஒரு தாயாக உட்கார வைக்க முடிந்தது. ஊசி போட்ட குழந்தைகளின் பெயரைத் தேதியுடன் எழுதி, காய்ச்சல் கண்டால் முதலில் என்னையே அழைக்க வேண்டும் என்று சொல்லி, என் கைப்பேசி எண்ணை ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் குறித்துக் கொடுத்தேன். அடுத்த இரண்டு இரவுகளும் நான் உறங்கவில்லை, அத்தனை அழைப்புகள். அப்பத்தாவின் பேரன் செப்டம்பரில் அந்தத் திண்ணையில்தான் முதல் ஊசி போட்டுக்கொண்டான்.

என் பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். பல குழந்தைகளுக்குப் போதுமான தட்டம்மை ஊசிக் குப்பியைக் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். கூட்டம் சேரக் கூடாது என்ற விதியால் ஒன்றிரண்டு குழந்தைகளே வந்த ஒரு நாளில், குப்பி வீணாகுமே என்று, பேருந்து இல்லாமல் வெயிலில் நடந்து வந்த ஒரு தாயை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். அவள் வந்தது இரண்டு மாதம் கழித்து. 2021இல் உலகம் முழுவதும் சுமார் 2.5 கோடிக் குழந்தைகள் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியில் ஒரு தவணையாவது தவறவிட்டதாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பின்னர் அறிவித்தபோது, அதில் பெற்றோர் தயங்கியது எவ்வளவு, எங்களைப் போன்றவர்கள் திருப்பி அனுப்பியது எவ்வளவு என்றுதான் எனக்குத் தோன்றியது.

2021 ஏப்ரல் 17 அன்று, கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாளில் நடிகர் விவேக் மாரடைப்பால் காலமானார். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள்; அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதையே உறுதிசெய்தது. ஊர் அதுவரை காத்திருக்கவில்லை. அடுத்த புதன்கிழமை பெரியவர்களுக்கான ஊசிக்கு மட்டுமல்லாமல் குழந்தைகளுக்கான ஊசிக்கும் ஆள் வரமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனேன். அப்பத்தா எனக்கு முன்பே வந்து தூணில் சாய்ந்திருந்தார். ஒன்பது மாதம் தாண்டி ஒரு மாதம் தாமதமாகியிருந்த பேரனுக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டும் என்றார். முடித்துவிட்டு, 45 வயதைக் கடந்தவர்களுக்குக் கொரோனா ஊசியும் வந்துவிட்டதே, நீங்களும் போட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"நீ போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார். இரண்டு தவணையும் ஆயிற்று என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவனுக்குப் போட்டாச்சுல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு, மடிச்சுருக்கிலிருந்து பாராசிட்டமால் பாட்டிலை எடுத்து, எத்தனை சொட்டு என்று கேட்டார். மருந்துக்கடையில் முதல் நாளே வாங்கி வைத்திருந்தார்.