67 நாட்கள்: ஒரு நாவலின் நாட்குறிப்பு

2024 ஒக்ரோபர் 6, ஞாயிறு, முள்ளியவளை

வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியனின் காலத்தை வைத்து எழுதிவரும் நாவல் முல்லைத்தீவுக் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது. உறுதியாகப் பற்றிக்கொள்ள எனக்கு இரண்டு திகதிகள் இருக்கின்றன. 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி அவன் கண்டியரசின் துணையோடு முல்லைத்தீவைத் தாக்கி ஆங்கிலேயரின் காவற்படையை விரட்டினான்; அப்படையின் தலைவனாக இருந்த வொன் டிறிபேர்க் படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தான். ஒக்ரோபர் 31ஆம் திகதி அதே டிறிபேர்க் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். இடையில் 67 நாட்கள். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு இந்தக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறது. வென்ற மறுநாள் காலையில் கோட்டையில் இருந்த நெல்லை யார் அளந்தார்கள், ஜூன் மாதம் கண்டியில் ஆங்கிலேயப் படை அழிந்த செய்தி காட்டுவழியாக எந்த வேகத்தில் இங்கு வந்தது என்பனவற்றையெல்லாம் நான்தான் எழுதவேண்டும்.

ஒக்ரோபர் 9, புதன்

இன்று முழுவதும் சிறு பொருட்களோடு போனது. என் பாத்திரங்கள் விடியற்காலையில் தேத்தண்ணி குடிக்கமுடியாது. இலங்கையில் தேயிலைத் தோட்டம் எழுந்தது 1867இல். ஆகவே பழஞ்சோற்றுத் தண்ணீரும் மோரும். தீக்குச்சி பிறக்கவே இன்னும் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் இருப்பதால், அடுப்பில் நெருப்பை அணையாமல் வைத்திருப்பதும் அயல்வீட்டில் தணல் வாங்கிவருவதும் கதைக்குள் வருகின்றன. காட்டோரத்தில் இன்று மண்டிக்கிடக்கும் நாயுண்ணிப் பற்றையையும் நீக்கினேன். அது 1820களில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட செடி. பாலையும் வீரையும் முதிரையும் இருந்தால் போதும். இரணைமடுக் குளத்தை யாரும் கடந்துபோகவும் கூடாது. அதன் கட்டுவேலை தொடங்கியதே 20ஆம் நூற்றாண்டில்தான். வாள்களின் பளபளப்பைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கும் நாவல்களில் சமையற்கட்டு இருப்பதே இல்லை என்பது என் நெடுநாளைய முறைப்பாடு.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

காட்டிக்கொடுப்பவன் இல்லாமல் இந்தக் கதையை எப்படி எழுதுவாய் என்று வாசிகசாலையில் ஒரு பெரியவர் கேட்டார். மேடைகளிலும் வாய்மொழியிலும் பண்டாரவன்னியனை வீழ்த்தியவன் காக்கை வன்னியன். ஆனால் அதே பெயருடையவன் யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் போர்த்துக்கேயருக்குக் காட்டிக்கொடுப்பவனாக வருகிறான். இரண்டு கதைகளுக்கும் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு இடைவெளி உண்டு. பழைய துரோகியை எழுப்பிவந்து புதிய தோல்வியின் பொறுப்பை அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். அதில் கூத்துக்காரர்களைக் குறைசொல்ல மாட்டேன். விடியும்வரை சனத்தை இருத்திவைக்க ஒரு கெட்டவன் வேண்டும். நாவலுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு துரோகியை நிறுத்தியவுடன் எழுதுபவனின் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று திக்கிலிருந்தும் படைகள் வன்னியை நோக்கி நகர்ந்ததை வாசகர் பொருட்படுத்தமாட்டார். திருகோணமலையிலிருந்து வந்த மட்ஜ் என்ற கப்டனுக்கு நான் ஓர் அத்தியாயம் கொடுக்க நினைப்பது அதனால்தான்.

ஒக்ரோபர் 19, சனி

நேற்றிரவு நல்ல மழை. காலையில் பக்கத்து வளவு அண்ணை உழவு மெசினை வெளியில் எடுத்துக்கொண்டிருந்தார். மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோக நெல்லின் விதைப்புத் தொடங்கிவிட்டது. என் நாவலின் தோல்வி ஒக்ரோபர் கடைசியில் வருகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, மழை விழுந்தாப் பிறகு ஆர் கத்தியோட நிப்பான்? வயலுக்கெல்லோ ஓடுவான். விதைக்காட்டி வாற வருசம் பிள்ளையளுக்கு என்ன குடுக்கிறது?”

மேசையில் திகதிகளை இத்தனை நாளாய் வைத்துக்கொண்டிருந்தும் அவற்றைப் பருவத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கு அண்ணைதான் வேண்டியிருந்தது. ஓகஸ்ட் இறுதி வன்னியில் வறண்ட காலம். குளம் வற்றி, வயலில் வேலை குறைந்து, ஆட்கள் கையோடு இருக்கும் நேரம். ஒக்ரோபர் இறுதி அப்படியல்ல. பண்டாரவன்னியனிடம் இருந்தவர்களில் எத்தனை பேர் கூலிப்படையினர், எத்தனை பேர் ஏர் பிடிப்பவர்கள் என்று எந்த ஆவணத்தையும் காட்டி நான் வாதாடப்போவதில்லை. மழை கறுக்கும் மாலையில் ஒருவன் தலைவனிடம் விடைகேட்க வந்து, வாய் திறக்க முடியாமல் நிற்பதை எழுதும் உரிமை புனைவுக்கு உண்டு. அவனைத் துரோகி என்று யாரும் சொல்லமுடியாது.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

மின்சாரம் இல்லை. எழுதவில்லை.

ஒக்ரோபர் 27, ஞாயிறு

ஒட்டுசுட்டான் பக்கம் போகவேண்டியிருந்ததால் கற்சிலைமடுவிலும் இறங்கினேன். அங்கே நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்ட ஆங்கில வாசகம் ஒரே வசனம்தான்: இவ்விடத்துக்கு அருகே கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான். வென்றவனின் பெயர் முதலில் நிற்கிறது. தோற்றவன் அன்றே இறந்தான் என்று ஓர் எழுத்தும் இல்லை. தோல்வியைக் கல்லில் பொறித்தவர்களே சொல்லாத மரணத்தை, மேடையில் ஆயிரம் முறை பார்த்துவிட்டோம் என்பதற்காக நான் ஏன் எழுதவேண்டும்?

போர் அத்தியாயத்தை டிறிபேர்க்கின் ஆட்கள் காட்டுக்குள் நுழையும் அதிகாலையோடு நிறுத்தி, அடுத்ததை ஒரு வயலில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டு, முளை எழும்ப எத்தனை நாள் விடுவார்கள் என்பதை நாளைக்கு அண்ணையிடம் கேட்கவேண்டும். சாக்கும் அந்தக் காலத்தில் பனையோலைப் பையாகத்தான் இருந்திருக்கும்.