ஆடிக் காற்றில் ஒரு ஸ்லைஸ் வைத்தியம்

19 ஜூலை 2025, சனி

அக்காள் மகன் அம்மன் கொடைக்குப் பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். காரிலிருந்து துணிப்பெட்டிக்கு முன்னால் கோல்ஃப் பைதான் இறங்கியது. "மாமா, டிரைவரில் எதை அடித்தாலும் வலப்பக்கம் ஓடுகிறது. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றான். கோல்ஃப் மட்டையைக் கிளப் என்பார்கள்; பந்தை வெகுதூரம் அனுப்பும் நீளமான கிளப்தான் டிரைவர். ராணுவத்தில் இருந்தபோது வெலிங்டனில் நான் கற்றுக்கொண்ட ஆட்டம் இது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதே அபூர்வம். வெயில் தாழ்ந்ததும் நாங்குநேரிப் பக்கம் இருக்கும் எங்கள் பனைவிளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விளையை ஒட்டி நீளமான செம்மண் தரிசு கிடக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் கிளம்பிய பிறகு ஆள் நடமாட்டம் கிடையாது.

முதலில் தெற்கு நோக்கி அடித்தான். பந்துகள் சற்று இடப்பக்கமாகக் கிளம்பி, பெரிதாக வளையாமல் போய் விழுந்தன. "இங்கே வந்ததும் சரியாகிவிட்டதே!" என்று அவனுக்கே வியப்பு. உண்மையில் அது மேல்காற்று செய்த வேலை. தெற்கு பார்த்து நின்றால் மேற்கு அவனுக்கு வலக்கைப் பக்கம். அங்கிருந்து வீசும் காற்று பந்தை இடப்பக்கம் தள்ளி, வளைவை அமுக்கிவிடுகிறது. வடக்கு நோக்கித் திருப்பி நிறுத்தினேன். வீச்சு அதேதான். ஆனால் பந்து இடப்பக்கம் கிளம்பி, உச்சிக்குப் போனதும் திரும்பி, காற்றோடு சேர்ந்து வலப்பக்கத்து உடங்காட்டுக்குள் பாய்ந்தது. உடைமுள்ளுக்குள் போன பந்தைத் தேடி எடுப்பது லேசான காரியம் இல்லை.

ஆடி மாதத்தில் நம் பக்கம் பயிற்சி செய்கிறவர்கள் இரண்டு திசையிலும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் முடிவு கட்ட வேண்டும்.

20 ஜூலை, ஞாயிறு

பந்து எங்கே விழுகிறது என்பதை மட்டுமே அவன் பார்க்கிறான். எந்தத் திசையில் கிளம்பியது, பிறகு எந்தப் பக்கம் வளைந்தது என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் நொடியில் கிளப்பின் முகம் பார்க்கும் திசை. டிரைவரில் அதன் பங்கு ஏறக்குறைய 85 சதவீதம். வளைவைத் தீர்மானிப்பது முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள இடைவெளி. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளையும். அதுதான் ஸ்லைஸ். பாதையே கிளம்பும் திசையைத் தீர்மானிக்கிறது என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். டிராக்மேன் போன்ற ராடார் கருவிகள் வந்த பிறகு அந்தப் பாடம் மாறியது.

இது புரிந்தால், அவன் செய்துவரும் பரிகாரம்தான் நோயை வளர்க்கிறது என்பதும் புரியும். பந்து வலப்பக்கம் போகிறதே என்று அவன் காலையும் தோளையும் இடப்பக்கம் திருப்பி நிற்கிறான். அப்படி நின்றதும் கிளப் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக இழுக்கப்படுகிறது. முகம் மட்டும் இலக்கைப் பார்த்தபடியே இருக்கிறது. இடைவெளி கூடுகிறது, வளைவும் கூடுகிறது. அடுத்த அடிக்கு இன்னும் இடப்பக்கம் திரும்புகிறான். பெங்களூரில் இரண்டு வருடமாக இதுதான் நடந்திருக்கிறது.

ஸ்லைஸை அடக்கும் டிரைவர் என்று விளம்பரம் பார்த்து ஒன்றை வாங்கியும் வைத்திருக்கிறான். குதிப்பக்கம், அதாவது தலையில் தண்டு சேரும் பக்கம், எடையைக் கூட்டிச் செய்யும் கிளப் அது. கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. மாதத்துக்கு ஒரு முறை ஆடுகிறவர் அதோடு திருப்திப்படலாம். முப்பது வயதுப் பிள்ளைக்கு அது போதாது என்பது என் தீர்மானமான கருத்து.

21 ஜூலை, திங்கள்

இன்று கிரிப், அதாவது பிடி மட்டும். முற்றத்தில் உட்கார்ந்தே பார்த்தோம்.

இடது கையில் கிளப்பை உள்ளங்கைக்குள் புதைத்துப் பிடிக்கிறான். மேலிருந்து பார்த்தால் ஒரே ஒரு விரல் முட்டிதான் தெரிகிறது. கையுறையில் உள்ளங்கையின் அடிப்பகுதி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. கிளப் அங்கே உராய்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இப்படிப் பிடித்தால் மணிக்கட்டு இறுகிக்கொள்ளும். முன்கை உருள முடியாமல் முகம் திறந்தபடியே பந்துக்கு வந்து சேரும்.

கிளப்பை விரல்களுக்கு மாற்றினேன். சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை சாய்வாகக் கிடக்க வேண்டும். அதன்மேல் உள்ளங்கையின் தடித்த பகுதியை வைத்து மூடினால், குனிந்து பார்க்கும்போது இரண்டு முட்டிகள் நன்றாகவும் மூன்றாவது லேசாகவும் தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் மடிப்பு வலது தோளை நோக்கும். வலது கையிலும் அதே கோணம். வலது சுண்டுவிரல், இடது ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் மேலே அமர வேண்டும். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 6 முறை வென்ற ஹாரி வார்டன் பெயரால் வழங்கும் பிடி அது.

"யாரோ ஒருவரின் கையைப் பிடித்திருப்பதுபோல் இருக்கிறது மாமா" என்றான். அப்படித்தான் இருக்கும். பழகிய பிடிதான் கைக்கு இதமாக இருக்கும், பந்துக்கு அல்ல.

23 ஜூலை, புதன்

முக்கியமான நாள். புதுப் பிடியோடு ஏழாம் எண் அயர்னில், அதாவது டிரைவரைவிடக் குட்டையான இரும்புத் தலைக் கிளப்பில், அடித்தான். பந்துகள் இடப்பக்கம் கிளம்பி, வளையாமல், இடப்பக்கமே போய் விழுந்தன. ஒன்று பனைக்கூட்டத்துக்குள் போய் மரத்தில் மோதிய சத்தம் கேட்டது. முகம் வாடிவிட்டது அவனுக்கு. "பழைய பிடியில் ஆடுதளத்திலாவது கிடந்தது, இது மோசம்" என்று கையைப் பழையபடி மாற்றப் போனான். நான் விடவில்லை.

ஸ்லைஸ் அடிக்கிறவர்கள் திருந்தாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். வளைவு போய்விட்டது என்றால் முகமும் பாதையும் ஒன்றாகிவிட்டன என்று பொருள். இரண்டும் சேர்ந்து இடப்பக்கம் பார்க்கின்றன, அவ்வளவுதான். பாதை முன்பும் இடப்பக்கம்தான் இருந்தது. முகம் திறந்திருந்ததால் அந்தக் குற்றம் மறைந்திருந்தது. இப்போது வெளியே தெரிகிறது. இடப்பக்கம் போகும் பந்தைக் கண்டு பயந்து பிடியை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பயப்படாமல் அடித்துக்கொண்டே இருந்தால், பாதையை வலப்பக்கம் நகர்த்த வேண்டும் என்ற எண்ணம் உடம்புக்குத் தானாகவே வரும். முகத்தைத் தொடாமல் பாதையை மட்டும் திருத்தப் போனால் பந்து இன்னும் வலப்பக்கம் போகும். அதைப் பார்த்த உடம்பு எப்படித் திருந்தும்? அதனால்தான் பிடி முதலில், பாதை பிறகு.

இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு புதுப் பிடியிலேயே அடித்தான். ஒன்றிரண்டு நேராகவும் போயின.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. தர்ப்பணம் கொடுக்கப் பாபநாசம் போனோம். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் வண்டி நகரவே வெகுநேரம் ஆயிற்று. பயல் பின்சீட்டில் என் குடைக்கம்பை எடுத்து வைத்துக்கொண்டு பிடியைப் பழகியபடியே வந்தான். அக்காள் அதட்டினாள். எனக்கு மகிழ்ச்சி.

26 ஜூலை, சனி

பாதைக்கு வந்தோம். அவன் செல்போனில் பின்னாலிருந்து படம் எடுத்தேன். செல்போன் கை உயரத்தில், கைகள் இருக்கும் கோட்டில் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் நல்ல ஸ்விங்கும் (வீச்சும்) கோணலாகத் தெரியும். மெதுவாக ஓட்டிப் பார்த்ததில் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. மேலே போன கிளப் கீழே திரும்பும்போது முதலில் அசைவது வலது தோள். அது பந்தை நோக்கி வெளியே பாய்கிறது, கைகளும் பின்னாலேயே வெளியே போகின்றன. ஓங்கி அடிக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

கருக்கு மட்டை இரண்டை வெட்டிக் கூர்மையைச் சீவி எடுத்து வந்தேன். ஒன்றை அவன் பாதங்களுக்கு முன்னால் இலக்கை நோக்கிக் கிடத்தினேன், திசை பிசகாமல் நிற்பதற்கு. இன்னொன்றைப் பந்தின் கோட்டில், இலக்குப் பக்கம் தள்ளிப் போட்டேன். பிறகு, பந்துக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி, கோட்டுக்கு வெளிப்பக்கமாக ஒரு கதம்பையை (உரித்த தேங்காய் மட்டையை) வைத்தேன். கிளப் வெளியிலிருந்து வந்தால் கதம்பைதான் முதலில் பறக்கும். பறந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி பறந்தது.

"கையால் கீழே இழுக்காதே மாப்பிள்ளை. இடது காலில் எடையை வை, முதுகு இலக்கைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருக்கட்டும், வலது முழங்கை விலாவை ஒட்டி இறங்கட்டும்" என்றேன். அரை ஸ்விங், பாதி வேகம். வலது காலை ஒரு பாத அளவு பின்னுக்கு இழுத்து வைத்து அடிக்கச் சொன்னதும் நன்றாக உதவியது. பொழுது சாயும் வேளையில் கதம்பை அசையவில்லை, பந்து நேராகக் கிளம்பி இடப்பக்கம் ஒரு துளி வளைந்து இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவை என்றான். இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை.

28 ஜூலை, திங்கள்

டிரைவர். அயர்னில் அடங்கிய குறை இதில் தலைகாட்டும். டிரைவரின் முகம் அதிகம் சாய்வில்லாதது. பின்சுழற்சி குறைவாக இருப்பதால் பக்கச் சாய்வு கொஞ்சம் இருந்தாலும் வளைவு பெரிதாகத் தெரியும்.

முகப் பவுடரை டிரைவரின் முகத்தில் லேசாகத் தடவி அடிக்கச் சொன்னேன். பந்து பட்ட இடம் வெள்ளையில் வட்டமாகப் பதிந்தது. நடுவை விட்டுக் குதிப்பக்கம். குதியில் பட்டால் கிளப் திரும்பும் வேகத்தில் பந்து வலப்பக்கச் சுழற்சியை வாங்கிக்கொள்ளும். ஸ்விங் சரியாக இருந்தாலும் வளையும். பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்ததில் தவறில்லை, ஆனால் அதை எட்டுவதற்காகத் தோள்கள் இடப்பக்கம் திறந்திருந்தன. தோளை மூடி, பந்திலிருந்து அரை அங்குலம் விலகி நின்றான். அடையாளம் நடுவுக்கு வந்தது. வடக்கு நோக்கி, மேல்காற்றில், நேராகப் போன டிரைவர் அடி ஒன்றைக் கண்ணால் பார்த்தேன்.

29 ஜூலை, செவ்வாய்

கொடை. வேறெதற்கும் நேரமில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

பெங்களூரிலிருந்து பேசினான். பதினெட்டுக் குழியும் ஆடியிருக்கிறான். முன்பாதியில் நன்றாகப் போயிருக்கிறது. பின்பாதியில் களைத்ததும் டிரைவர் இடப்பக்கம் நேராக இழுத்திருக்கிறது. "பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பழையபடி வைக்கட்டுமா மாமா?" என்று கேட்டான். பிடியில் கை வைக்காதே என்றேன். களைப்பில் தோள் முந்துகிறது, அவ்வளவுதான். வளைகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்படியானால் அடுத்த வாரம் பயிற்சித் திடலில் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, ஏழாம் எண் அயர்னோடு அரை ஸ்விங் மட்டும், வலது கால் பின்னால். பெங்களூரில் கதம்பைக்கு எங்கே போவேன் என்றான். டிரைவரின் துணி உறை போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.